பம்படிக்கு முன்னால் ஒரு குளிர்காலம்

ஹெலன் கெல்லர் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரே ஒரு காட்சிதான். கிணற்றடி பம்பு. தண்ணீர் கொட்டுகிறது. குழந்தையின் ஒரு கை தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. இன்னொரு உள்ளங்கையில் ஆசிரியை ஆன் சல்லிவன் விரல்களால் ‘தண்ணீர்’ என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சட்டென்று குழந்தையின் முகம் மாறுகிறது. பொருளுக்குப் பெயர் உண்டு என்பது அதற்குப் புரிந்துவிட்டது. 1887 ஏப்ரல் 5. ஆர்தர் பென் 1962இல் எடுத்த படம் முழுக்க முழுக்க இந்தக் காட்சியை நோக்கித்தான் ஓடுகிறது. படத்தின் பெயரே ‘தி மிராக்கிள் வொர்க்கர்’, அற்புதம் செய்பவள். சஞ்சய் லீலா பன்சாலி 2005இல் ‘பிளாக்’ எடுத்தபோது அதே கணத்தை இன்னும் பெரிய அரங்க அமைப்போடும் இன்னும் பெரிய இசையோடும் நமக்குத் தந்தார்.

காட்சி உண்மையாகவே நடந்ததுதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. கேமராவை எங்கே வைத்துக் கதையைத் தொடங்குகிறோம் என்பதில்தான் சண்டை.

சல்லிவன் அலபாமாவின் டஸ்கம்பியாவில் வந்து இறங்கியது மார்ச் 3. அப்போது அவருக்கு வயது 20. முந்தைய வருடம்தான் பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படிப்பை முடித்திருந்தார். கெல்லர் குடும்பத்திலிருந்து ஆசிரியை கேட்டுக் கடிதம் வந்ததும் அவர் உடனே ரயிலேறிவிடவில்லை. இலையுதிர்காலமும் குளிர்காலமுமாக மாதக்கணக்கில் பழைய குறிப்புகளைப் படித்தார். அந்தப் பள்ளியை நடத்திய சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்ற மருத்துவர், லாரா பிரிட்ஜ்மன் என்ற காது கேளாத, கண் தெரியாத சிறுமிக்கு 1837 முதல் மொழி கற்றுக்கொடுத்ததைப் பற்றி எழுதி வைத்திருந்த அறிக்கைகள் அவை. என்ன செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற பதிவுகள். லாரா அப்போதும் அதே பள்ளியில்தான் வசித்தார், சல்லிவனுக்கு அவரைத் தெரியும், விரல் எழுத்தில் அவரோடு பேசியிருக்கிறார். டஸ்கம்பியாவுக்குப் போகும்போது அவர் எடுத்துச்சென்ற பொம்மைக்கு உடை தைத்துக் கொடுத்தவரே லாராதான்.

அதாவது, அந்த அற்புதத்துக்குப் பின்னால் ஐம்பது வருடத் தரவும், ஒரு குளிர்காலத்து வாசிப்பும், முன்பே இதைக் கடந்து வந்த ஒருத்தியின் தோழமையும் இருந்தன. ஒரு இளம்பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து அறிக்கைகளைப் படிப்பதை எந்த இயக்குநரும் படமாக்க விரும்பமாட்டார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நூறு வருடமாக அந்தக் குளிர்காலத்தை வெட்டிவிட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்லி வருகிறோம். அதனால் வந்த வினை சினிமாவோடு நிற்கவில்லை என்பது என் கட்சி.

இன்னொன்றும் உண்டு. பம்படிக்குச் சில நாள் கழித்து சல்லிவன் எழுதிய கடிதங்கள், ஹெலனின் ‘என் வாழ்க்கைக் கதை’ 1903இல் புத்தகமானபோது அதன் பின்பகுதியில் சேர்க்கப்பட்டன. தமிழில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. எனக்கு மொத்தப் புத்தகத்திலும் பிடித்தது அதுதான். குறித்த நேரத்துக்கு உட்காரவைத்துப் பாடம் நடத்துவதை நிறுத்திவிடலாம் என்று அங்கே முடிவெடுக்கிறார். ஏன் என்றால், ஹெலனின் உறவுக்காரக் குழந்தை ஒன்றை, ஒன்றேகால் வயசு, அவர் கவனித்துக்கொண்டிருந்தார். அது இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் சொன்னது எல்லாம் புரிகிறது. பேச்சு வருவதற்கு முன்னாலேயே அதன் காதில் முழு வாக்கியங்கள் மாதக்கணக்காக விழுந்திருக்கின்றன அல்லவா? அப்படியானால் ஹெலனின் கையிலும் தனித்தனிச் சொல்லாகக் கொடுக்காமல் முழு வாக்கியங்களாகவே பேசவேண்டும். ஹோவின் முறையைக் கரைத்துக் குடித்திருந்ததால்தான் அதில் எதை விடலாம் என்று அவருக்குத் தெரிந்தது. சாதாரணமாக வளரும் குழந்தையைப் பார்த்து, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கான முறையைத் திருத்துகிறார். கல்வியியலில் முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கான விஷயம் இது. எழுதியவருக்கு 21 வயது ஆகச் சில நாள் பாக்கி.

‘தாரே ஜமீன் பர்’ 2007 டிசம்பரில் வந்தது. நான் அப்போது பொறியியல் இரண்டாம் வருடம். ஹாஸ்டல் அறையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஒன்பது பேர் பார்த்தோம். ஒன்பது பேரும் அழுதோம், அரியர் வைத்தவன் கொஞ்சம் கூடுதலாக. இப்போது திரும்பப் பார்க்கும்போது அந்தப் படத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது அழவைத்த இடங்கள் இல்லை. ஓவிய ஆசிரியர் நிகும்ப், இஷானின் பழைய நோட்டுகளைப் புரட்டுகிற இடம். தப்புகளை அவர் எண்ணவில்லை, அவற்றுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்று தேடுகிறார். எழுத்துகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கின்றன, ஒரே சொல் ஒரே பக்கத்தில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பிறகு பையனின் அப்பாவிடம் போய், அவருக்குத் தெரியாத மொழியில் அச்சடித்த பெட்டியைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். முடியவில்லை. ஏன் முயற்சி செய்யமாட்டேன் என்கிறீர்கள் என்று மடக்குகிறார். சிறப்புக் கல்வியில் இதற்குப் பிழைப் பகுப்பாய்வு என்று பெயர். நம் வெகுஜன சினிமாவில் ஓர் ஆசிரியர் யோசிப்பதை இவ்வளவு நேரம் காட்டிய படம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் என்ன நடக்கிறது? ஒரு பாட்டு வருகிறது. மணலில் எழுதுகிறான், களிமண்ணில் எழுத்து பிடிக்கிறான், படிக்கட்டில் ஏறி இறங்கிக் கூட்டல் கழித்தல் போடுகிறான். பாட்டு முடியும்போது வாசிக்கிறான். கண், காது, தொடுதல், உடல் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தறிவிக்கும் இந்த முறை உண்மையானது, பல பத்தாண்டுகளாகப் புழங்குவது. ஆனால் அது எடுத்துக்கொள்ளும் மாதங்களும் வருடங்களும் ஒரு பாட்டின் நீளத்துக்குள் கரைந்துவிடுகின்றன. நிகும்ப் இதையெல்லாம் எங்கே கற்றார் என்ற கேள்விக்குப் படத்தில் இரண்டு பதில் உண்டு. டியூலிப்ஸ் என்ற சிறப்புப் பள்ளியில் அவர் வேலை பார்க்கிறார் என்பது ஒன்று, அது ஓரமாக வந்துபோகிறது. இன்னொன்று, சின்ன வயதில் அவருக்கே இந்தச் சிக்கல் இருந்தது என்பது. படம் அழுத்திச் சொல்வது இரண்டாவதை. பயிற்சி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காயத்தை வைத்திருக்கிறார்கள். காயம்பட்டவனுக்குத்தான் காயம் தெரியும் என்பது திரையில் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஒரு மாவட்டத்தின் ஆயிரம் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்றால் அது எதற்கும் உதவாது. தமிழில் ‘ஹரிதாஸ்’ (2013) நல்ல எண்ணத்தோடு எடுக்கப்பட்ட படம், ஆட்டிசம் உள்ள பையனைச் சாதாரணப் பள்ளிக்கே கொண்டுபோன படம். ஸ்நேகா நடித்த ஆசிரியையின் கனிவு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர் நடத்திய பாடம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

என் அக்கா கணக்கு டீச்சர். தென்மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் உதவிபெறும் பள்ளியில் பதினோரு வருடமாக ஆறு முதல் எட்டு வரை நடத்துகிறாள். எம்.எஸ்ஸி., பி.எட். எல்லாம் முடித்தவள், 38ஆவது வயதில் சிறப்புக் கல்வியில் இன்னொரு பி.எட். சேர்ந்தாள். தொலைநிலைக் கல்வி, இரண்டரை வருடம், விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்பு. சேதி தெரிந்ததும் ஊரில் அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: புண்ணியம்.

“நல்ல காரியம்மா, புண்ணியமாப் போகும்.”

சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனாலும் அந்தச் சொல் செய்கிற வேலையைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். கால்குலஸ் நடத்துகிறவரிடம் யாரும் புண்ணியமாகப் போகும் என்று சொல்வதில்லை. இதயச் சிகிச்சையில் மேல்படிப்பு சேருகிற டாக்டரிடம் சொல்வதில்லை. அங்கெல்லாம் அது திறமை, படிப்பு, சம்பளம். இங்கே மட்டும் மறுமைக்கு ஒத்திப்போடுகிறோம். ஒரு வேலையைப் புண்ணியம் என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒப்பந்தச் சம்பளம் போதும், பணி நிரந்தரம் கேட்டால் முகம் சுளிக்கலாம், முக்கியமாக, அதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டிய கடமை மற்றவர்களுக்கு இல்லாமல் போகிறது. தலைமையாசிரியர் கேட்டது இன்னும் நேரடியானது: “ஏன் டீச்சர், ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போகப்போறீங்களா?” இல்லை சார், இங்கேயேதான் இருப்பேன் என்று அக்கா சொன்னாளாம். “அப்புறம் எதுக்கு?”

அந்த “அப்புறம் எதுக்கு”தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அது ஒரு தனிமனிதரின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது, நம் ஆசிரியர் கல்வியின் கட்டடமே அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. பொதுப் பள்ளி ஆசிரியரின் படிப்பைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வரையறுக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியரின் படிப்பை இந்திய மறுவாழ்வு கவுன்சில் வரையறுக்கிறது, 1992ஆம் வருடச் சட்டப்படி. இரண்டு வாசல், இரண்டு பதிவேடு. முதல் வாசலில் நுழைகிறவர் மாற்றுத்திறன் கொண்ட குழந்தையைப் பற்றி எவ்வளவு படிக்கிறார்? பி.எட். இரண்டு வருடமாக நீட்டப்பட்டபோது 2014இல் வந்த பாடத்திட்டச் சட்டகத்தில் ‘உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ என்று ஒரு தாள் சேர்த்தார்கள். அதன் அளவு அரைத் தாள். பொறியியல் படித்தவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் தாள் ஞாபகம் இருக்கும், முந்தின ராத்திரி படித்து எல்லோரும் பாஸான தாள். அதில் பாதி.

இரண்டாவது வாசலிலும் உள்ளே போகும்போதே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: செவித்திறனா, பார்வையா, அறிவுசார் குறைபாடா, கற்றல் குறைபாடா, ஆட்டிசமா? ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். சிறப்புப் பள்ளிக்குப் போகிறவருக்கு இந்தப் பிரிவு பொருந்தலாம். திரும்ப ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கே வருகிறவளுக்கு? அவளுடைய வகுப்புக்குப் பிள்ளைகள் பிரிவு பார்த்து வருவதில்லை. சட்டம் என்னவோ பெரிய மனதோடு இருக்கிறது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த வகைகளை 21 ஆக்கி, எல்லாப் பள்ளிகளும் உள்ளடக்கிய கல்வி தரவேண்டும், அதற்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவேண்டும் என்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் பொதுப் பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர்களுக்கான விகிதத்தை வகுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. எல்லாம் ஆள் எண்ணிக்கை பற்றிய பேச்சு. ஏற்கெனவே வகுப்பில் நிற்கிற, படித்து முடித்த ஆசிரியர் மேற்கொண்டு எதைப் படிக்கவேண்டும் என்பதில் யாருக்கும் அந்த அளவு அவசரம் இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் சிறப்புத் தேவைகளை ஒருங்கிணைக்க ஓர் ஆசிரியர் இருக்கவேண்டும், அவர் தகுதிபெற்ற ஆசிரியராக இருக்கவேண்டும், புதிதாகப் பொறுப்பேற்றால் மூன்று வருடத்துக்குள் அதற்கென்று ஒரு மேற்படிப்பை முடிக்கவேண்டும் என்று 2009 முதல் விதி வைத்திருந்தார்கள். அந்தப் படிப்பு முதுகலைத் தரத்தில் இருந்தது. 2024இல் அதை எடுத்துவிட்டு வேறொரு தொழில்முறைத் தகுதியைக் கொண்டுவந்தார்கள். எது மேல் என்று அங்கே வாதாடுகிறார்கள். “அப்புறம் எதுக்கு” என்று யாரும் கேட்பதில்லை.

நடுவில் ஒரு சொல் பற்றி. ‘உள்ளடக்கிய கல்வி’ என்கிறோம். சிலர் ‘உள்ளடங்கிய கல்வி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டுமே நெருடுகின்றன. ‘அடக்கு’ என்ற சொல் தமிழில் சும்மா வருவதில்லை. அடக்கி வைப்பது, அடக்கி ஆள்வது, அடக்கம் செய்வது என்று சுற்றம் சூழத்தான் வரும். வகுப்பில் சத்தம் போடாமல் கடைசி பெஞ்சில் ‘உள்ளடங்கி’ இருக்கும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையின் வருகைப் பதிவு நூறு சதம் இருக்கும்.

அக்காவின் பாடத் தொகுதிகளை நான் வாசித்தேன். அவளுடைய ஒப்படைப்புகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை, அந்தச் சாக்கில் வாசித்தது. இலக்கியம் படிக்கிறவனாகச் சொல்கிறேன், அந்தத் தமிழ் கொடுமையானது. பொருள், வரையறை, தேவை, நோக்கங்கள், வகைகள், முடிவுரை. எந்த அலகைத் திறந்தாலும் இதே எலும்புக்கூடு. செயப்பாட்டு வினையில் குழந்தை அடையாளம் காணப்படுகிறது, மதிப்பிடப்படுகிறது, வகைப்படுத்தப்படுகிறது, இடப்படுத்தப்படுகிறது. முந்நூறு பக்கத்தில் ஒரு குழந்தைகூட வாய் திறந்து பேசவில்லை. படிப்பை நான் இவ்வளவு உயர்த்திப் பேசுவதைக் கேட்டு எரிச்சலான ஒரு நண்பர் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: “படிச்சவன் கையில கொடுத்தா குழந்தை ஃபைல் ஆயிடும்டா. அன்பானவன் கையில கொடுத்தாலாவது குழந்தையா இருக்கும்.” இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நுண்ணறிவு ஈவு என்ற எண்ணை வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டு முழுக்க எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினோம், எத்தனை பேரை விடுதிகளில் பூட்டிவைத்தோம்! அதைச் செய்தவர்கள் படித்தவர்கள்தான்.

ஆனாலும் நண்பரின் வாதத்தில் அன்பும் படிப்பும் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை என்று ஆகிவிடுகிறது. நான் கண்ணால் பார்த்தது வேறு.

அக்காவின் வகுப்பில் ஒரு பையன். ஏழாம் வகுப்பு. கரும்பலகையிலிருந்து எழுதச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவான், மூன்று இலக்கக் கழித்தல் எப்போதும் தப்பு. சோம்பேறி என்று ஐந்து வருடமாகப் பெயர் வாங்கியிருந்தான். அக்காவும் அவன்மேல் பிரியமாகத்தான் இருந்தாள், பக்கத்தில் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். படிப்பில் சேர்ந்த பிறகு ஒரு செய்முறைப் பதிவு எழுதவேண்டி வந்தது. ஒரு நடத்தையை எடுத்துக்கொண்டு, அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் என்ன நடந்தது என்று மூன்று பத்தியாக எழுதவேண்டும். கருத்து எழுதக் கூடாது, கண்டதை மட்டும். எங்கள் தொழிலில் லாக் எடுப்பது என்போம். மென்பொருள் தப்பாக நடந்தால் முதலில் அதைத் திட்டாமல் லாகைப் பார்க்கச் சொல்லித்தான் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். நான்கு நாள் எழுதினாள். நான்காம் நாள் ராத்திரி போன்.

“தம்பி, அவனுக்குக் கணக்கு தப்பு வரல. கட்டம்தான் தப்பு வருது.”

பலகையைப் பார்த்துவிட்டுக் குனியும் ஒவ்வொரு முறையும் அவன் விட்ட இடத்தைத் தொலைக்கிறான். ஒன்றாம் இலக்கத்துக்குக் கீழே பத்தாம் இலக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவன் போடும் கழித்தல் சரிதான், கடன் வாங்குவது உட்பட. தப்பான வரிசைக்குச் சரியான விடை. மறுநாள் கேள்வியை ஒரு தாளில் எழுதி அவன் பக்கத்திலேயே வைத்தாள். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொடுத்தாள், ஒரு கட்டத்துக்கு ஓர் எண். பத்துக் கணக்கில் எட்டு சரி. அடுத்த வாரம் வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பேர் கட்டம் போட்ட நோட்டோடு வந்தார்கள், யாரும் வாங்கச் சொல்லவில்லை. பையனுக்கு வாசிப்பு இன்னும் தகராறுதான், வாக்கியக் கணக்கு என்றால் உறைந்துவிடுகிறான். அரையாண்டில் கணக்கில் 29.

பதினோரு வருட அன்பு கண்டுபிடிக்காததை நான்கு நாள் பதிவேடு கண்டுபிடித்தது. அன்பு இல்லாதிருந்தால் அந்த நான்கு நாளும் அவள் அவனைக் கவனித்திருக்கமாட்டாள், அதுவும் சரி. மோசமான தமிழில் எழுதப்பட்ட அந்தத் தொகுதிக்குள்ளேதான் இந்தக் கருவியும் கிடந்தது என்பதை நான் கொஞ்சம் பொறாமையோடு குறித்துக்கொண்டேன். நல்ல தமிழில் எழுதப்பட்ட எத்தனை கட்டுரைகள் ஒரு பையனின் கழித்தலைச் சரிசெய்திருக்கும்?

வகுப்பே கட்டம் போட்ட நோட்டு வாங்கிய கதைக்கு ஒரு பாட்டி உண்டு. 1900இல் ரோமில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அப்போது சொல்லப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்செய்யும் பள்ளி. அதன் இணை இயக்குநராக இருந்தவர் மரியா மாண்டிசோரி, இளம் மருத்துவர். இதே துறையில் பாரிஸில் உழைத்த இட்டார், செகன் இருவரின் புத்தகங்களை அவர் இத்தாலியனில் மொழிபெயர்த்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தன் கையாலேயே பிரதி எடுத்தார், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி யோசிப்பதற்காக. சல்லிவனின் குளிர்காலம் மாதிரி இதுவும் படமெடுக்க முடியாத காட்சி. அவர் பயிற்சி கொடுத்த குழந்தைகளில் சிலர் சாதாரணப் பிள்ளைகள் எழுதும் தேர்வை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மாண்டிசோரிக்கு வேறு சந்தேகம் வந்தது: இந்தப் பிள்ளைகளே தேற முடியும் என்றால், நல்ல உடம்போடு இருக்கும் மற்ற பிள்ளைகளை இவ்வளவு கீழே பிடித்துவைத்திருப்பது எது? 1907 ஜனவரியில் சான் லொரென்சோ சேரியில் அவர் திறந்த ‘குழந்தைகள் இல்லம்’ அந்தச் சந்தேகத்திலிருந்து வந்தது. மணல்காகித எழுத்துகள் முதலான கருவிகள் எல்லாம் முதலில் எந்தக் குழந்தைகளுக்காக யோசிக்கப்பட்டவையோ, அவர்களிடமிருந்துதான் மற்றவர்களுக்கு வந்தன.

அந்த மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். இன்றைக்கு நான் வேலைக்குப் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் கிலோமீட்டருக்கு ஒரு மாண்டிசோரி இருக்கிறது, கட்டணத்தைக் கேட்டால் எனக்கே தலைசுற்றுகிறது. இவற்றில் ஒன்றில், பேச்சு தாமதமான மகனைச் சேர்க்கப்போன என் சக ஊழியரிடம், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எங்களிடம் வசதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அலமாரி முழுக்க அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட பொருள்கள்.

கடைசியாக, நம் வாசகர்கள் அதிகம் நேசிக்கும் பள்ளிக்கு வருகிறேன். டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ 1981இல் ஜப்பானில் வந்தது, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்தது. தமிழில் கல்வி பற்றிப் பேசும் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள், ரயில்பெட்டி வகுப்பறையையும், சிறுமி பேசுவதை நான்கு மணிநேரம் கேட்ட தலைமையாசிரியரையும். சோசகு கோபயாஷி நமக்கு ஒரு புனிதராகிவிட்டார். அவரைப் புனிதராக்கும் அவசரத்தில் நாம் தவறவிடுவது, அவர் ஏற்கெனவே ஆசிரியராக இருந்தவர், அதற்குப் பிறகு கப்பலேறி ஐரோப்பா போய்ப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, பாரிஸில் டால்க்ரோஸிடம் இசையும் உடலசைவும் சேர்ந்த கல்வி முறையை மாணவனாக உட்கார்ந்து படித்தவர் என்பது. டோமோயே பள்ளி தொடங்கியது அதற்குப் பின்னால்தான். புத்தகத்தின் பின்னுரையில் குரோயாநாகி இதைச் சொல்லியிருக்கிறார். பின்னுரையை யார் படிக்கிறார்கள்!

டோமோயேயின் விளையாட்டு விழாவை இந்தக் கண்ணோடு மறுபடி வாசித்துப் பாருங்கள். வளர்ச்சி நின்றுபோன, கைகால் குட்டையான தகாஹாஷி என்ற பையன் எல்லாப் போட்டியிலும் ஜெயிக்கிறான். துணியாலான மீனுக்குள் நுழைந்து வெளியே வரும் போட்டி, தாழ்வான படிகளில் ஒவ்வொன்றாகக் கால்வைத்து ஏறும் தொடரோட்டம். நீளக் கால்காரர்கள் தடுமாறுகிறார்கள். தகாஹாஷிக்கு யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, போட்டிகளே அவன் உடம்பை மனதில் வைத்து யோசிக்கப்பட்டவை. இதைக் கருணை என்று வாசித்துப் பழகிவிட்டோம். எனக்கு இது வடிவமைப்பாகத் தெரிகிறது. எங்கள் அலுவலகத்தில் பார்வையற்றவர் ஒருவர் சோதித்துப் பார்த்த பிறகு திரையை மாற்றியமைப்போமே, அந்த மாதிரி. உடலசைவை ஒரு பாடமாகப் படித்த ஆளுக்குத்தான் அந்தப் படி உயரம் கண்ணில் படும்.

அதே புத்தகத்தில் வால் பற்றிய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. வகுப்பாசிரியை ஒருவர் மனிதனுக்கு ஒரு காலத்தில் வால் இருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து, வேடிக்கையாகத் தகாஹாஷியிடம் உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். வகுப்பு சிரித்திருக்கும். அன்று பள்ளி முடிந்த பிறகு கோபயாஷி அவரைக் கூப்பிட்டுக் கோபத்தோடு பேசுவது டோட்டோ-சான் காதில் விழுகிறது. ஆசிரியை அழுகிறார். எந்தக் கெட்ட எண்ணத்தோடும் கேட்கவில்லை என்கிறார், அது உண்மையும்கூட. அந்தக் குழந்தைக்கு அந்தக் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்பதைக் கோபயாஷி அவருக்குப் புரியவைக்கப் பாடுபடுகிறார். இது நடப்பது மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் இல்லை, சமையலறையில். சிறுமி அதையும் கவனித்துவைத்திருக்கிறாள்.

எல்லோரும் இந்த அத்தியாயத்தைக் கோபயாஷியின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆசிரியையைப் பற்றித்தான் யோசனை. தகுதிபெற்றவர், நல்லவர், வகுப்பைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவர். மறுநாள் காலை அதே வகுப்புக்குப் போயிருப்பார், தகாஹாஷி அதே இடத்தில் உட்கார்ந்திருப்பான். முதலில் என்ன பேசினார்? அவன் முகத்தைப் பார்த்தாரா? அதற்கப்புறம் எதைப் படித்தார், யாரைப் போய்க் கேட்டார், எத்தனை மாதம் கழித்து அவனை மறுபடி இயல்பாகக் கிண்டல் செய்ய முடிந்தது? கதை சொல்வது ஒரு சிறுமி. அவளுக்குச் சமையலறைக் கதவு வரைதான் தெரியும். அந்தக் கதவுக்கு உள்ளே, அழுது முடித்த ஆசிரியையின் பக்கத்திலிருந்து தொடங்குகிற ஒரு நாவலைத் தமிழில் யாராவது எழுதினால் முதல் பிரதியை அக்காவுக்கு வாங்கி அனுப்புவேன்.